இரண்டு நிமிடத்தில் ஒரு சிவப்பு உடை

ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகக் கிடங்கில் ஒரு சிவப்பு ரப்பர் உடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். டிரெஸ்டனில் ஆராய்ச்சி செய்யும் மதுரைக்காரி நான். வட துருவக் கடலில் எண்ணெய் கொட்டினால் பல நாட்டினர் சேர்ந்து அதை எப்படி அள்ளுவது என்று ஒத்திகை பார்க்கப் போகும் கப்பலில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் தண்ணீரில் விழுந்தால் உயிர்காக்கும் இந்த உடையை இரண்டு நிமிடத்துக்குள் போட்டுக்காட்டாதவர்கள் கப்பலில் ஏற முடியாது. ஏற்கெனவே ஒருமுறை தோற்றுவிட்டேன். இது கடைசி வாய்ப்பு.

கையில் கடிகாரத்துடன் நிற்கும் பயிற்சியாளர் யாழ்ப்பாணத்து அக்கா.

“தங்கச்சி, இது சீலையில்லை. கொசுவம் வைச்சது போதும், காலை விடுங்கோ.”

“அக்கா, இந்த கிளவுஸோட ஜிப்பைப் பிடிக்கவே முடியல!”

பக்கத்தில் நார்வேக்காரர் ஒருவரின் தாடி அவருடைய ஜிப்பில் சிக்கியிருக்கிறது. அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

“எல்லா நாடும் சேர்ந்து கடலைக் காப்பாத்தப் போறியள். பக்கத்தில நிக்கிற ஆளிட்ட உதவி கேக்க ஏலாதோ? கேக்கக் கூடாதெண்டு ஆர் சொன்னது?”

அதையே அவருக்கு ஆங்கிலத்திலும் சொல்கிறார். நான் அவசரமாகத் தாடியை விடுவிக்கிறேன். அவர் என் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிடுகிறார். அக்கா கடிகாரத்தை நிறுத்திவிட்டு, எங்கள் இருவரின் தேர்ச்சிப் படிவத்திலும் கையெழுத்துப் போடுகிறார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருக்கிறது, உடை விடவில்லை.

“அக்கா, நீங்க ஒரு தடவையாவது வட துருவத்துக்குப் போயிருக்கீங்களா?”

“எனக்கென்ன விசரே? இஞ்சத்தைக் குளிரையே தாங்க ஏலாமக் கிடக்கு.”