நீள ஜீப்பின் பின் பெஞ்சுகள்

ஜீப் வாங்குவதற்கு முன்னால் ஒரு பழைய பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். இடது பக்கம் சின்னக் காடி, அதாவது கார்; வலது பக்கம் நீள ஜீப், அதுவும் எங்கள் பேச்சில் காடிதான். பென்சிலால்தான் எழுதினேன், அழிப்பதற்கு வசதியாக. இரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் கிழியும் நிலைக்கு வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. கணவர் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. நான் அதே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. எங்களுக்குக் கொடுத்திருந்த வீடு பள்ளத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குச் சற்று மேலே இருந்தது. அங்கிருந்து தார் ரோட்டுக்குப் போக ஒரு செம்மண் ஏற்றத்தை ஏற வேண்டும். அதற்கப்புறம் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு வளைந்து வளைந்து ஒன்பது மைல். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. அவளுக்கு மூச்சிழுப்பு இருந்தது.

மலைக்குளிர் பிள்ளைக்கு ஆகாது என்று ஈப்போவிலிருந்து அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவார். அது எனக்கும் தெரியும். வேலையும் வீடும் இங்கேதான் என்பது அம்மாவுக்கும் தெரியும். ஒரு முறை இழுப்பு வந்தபோது தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியில் கொண்டுபோனோம். தொழிற்சாலையில் கொழுந்தை இறக்கிவிட்டு லோரி வரும்வரை ஏற்றத்தின் அடியில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். அந்தக் காத்திருப்புக்குப் பிறகுதான் சொந்த வண்டி என்ற பேச்சு வீட்டில் வந்தது.

சின்னக் காடி மலையடிவாரத்துத் தாப்பாவில் இருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வைத்திருந்தார். பாலாடை நிறம். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் உள்ளே வராது. நான் அதில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, மகளின் மூச்சு மட்டும் கேட்பதைக் கவனித்தேன். இதுதான் என்று தோன்றியது. திரும்பும் பஸ்ஸில் அந்த எண்ணம் போய்விட்டது. மழையில் நம் ஏற்றத்தில் அது ஏறுமா என்று கணவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

நீள ஜீப் கியா பார்ம் என்ற ஊரில் ஒரு சீனக் காய்கறித் தோட்டக்காரருடையது. அவர் லோரி வாங்கிவிட்டதால் ஜீப்பை விற்கிறார் என்று சொன்னார்கள். முன்னால் மூன்று பேர், நடுவில் மூன்று பேர். பின்னால் எதிரெதிராக இரண்டு நீளப் பெஞ்சுகள், நெருக்கி உட்கார்ந்தால் ஆறு பேர். உள்ளே கோபிஸ், அதாவது முட்டைகோஸ், வாடை அடித்தது. நான் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று காற்று வந்தது.

"காத்து வருதே?" என்றேன்.

பல வருடம் நம் ஆட்களோடு வேலை செய்து தமிழ் பழகியவர் அவர்; இங்கே எல்லோரையும் போலப் பேச்சில் ஒரு 'லா' சேர்த்துக்கொள்வார். "அது ஏர்கான், மேடம். உங்களுக்கு சும்மா கொடுக்கிறேன்."

"ஏற்றத்துல ஏறுமா?" இது கணவர்.

"என்ன கேள்வி லா இது? அம்பது மூட்டை கோபிஸ் ஏத்தி ஏறுன காடி. உங்க பாப்பா ஒண்ணு ஏத்தி ஏறாதா?"

வாங்கினோம். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்ற அன்று கணவர் என்னிடம் சொன்னார்: "மழைக்காலத்துல பின்னால ஆள் இருந்தா வண்டிக்கு நல்லது." நான் அதைக் காதில் போட்டுக்கொண்ட விதம் வேறு. யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர் இப்போதே ஒரு காரணம் தயார் செய்துகொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் நினைத்தபடியேதான் நடந்தது என்று அப்போது நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சின் சத்தம் கேட்டால் போதும், லயங்களின் கதவுகள் திறக்கும். யாரும் வரட்டுமா என்று கேட்கவில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்பது போல ஏற்றத்தின் அடியில் கூடையோடு வந்து நிற்பார்கள். கணவர் வேகத்தைக் குறைப்பார். பின்கதவு திறக்கும், மூடும். பிரிஞ்சாங் சந்தைக்கு இருவர், கோயிலுக்கு நால்வர், கம்போங் ராஜாவில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க ஒருவர். போகிற வழி ஒன்றாக இல்லாவிட்டாலும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

அவர்களில் எப்போதும் முதலில் ஏறுகிறவள் கொழுந்து எடுக்கும் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். அவளுடைய கடைசிப் பையன் என் வகுப்பில் படித்தான். "டீச்சரம்மா, ஒங்க காடியில ஏறுனா கோபிஸ் வாசனைக்கே பசிக்குது," என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே யார் இருமுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருப்பேன். ஒருவர் இருமினால் மகளின் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வேன். அவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

ஒரு ஞாயிறு, ஊர் திரும்பும் வழியில் மகளுக்கு இலேசாக இழுக்க ஆரம்பித்தது. வீட்டில் மருந்து இருந்தது. ஆனால் கியா பார்மில் ஒரு மூட்டையை இறக்க வேண்டும், நடுவழியில் யாருக்கோ கொடுக்க வேண்டிய பாத்திரம் ஒன்று, பிறகு கீழ் லயம், மேல் லயம். வீடு சேர அரை மணி நேரம் தாமதம். அன்றைக்கு மருந்து கொடுத்ததும் அடங்கிவிட்டது. எனக்குத்தான் அடங்கவில்லை.

அடுத்த வாரம் தொழிற்சாலை ஃபிட்டரைக் கூப்பிட்டுப் பின் பெஞ்சுகள் இரண்டையும் கழற்றச் சொன்னேன். பின்னால் மெத்தை போட்டுப் பிள்ளையைப் படுக்க வைக்க இடம் வேண்டும் என்றேன். இழுப்பு வந்த பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எனக்கு இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். அந்த ஃபிட்டருக்கு அது தெரியாது. கணவருக்குத் தெரியும். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார்.

பெஞ்சுகளைப் பள்ளிக்கூடத்துச் சமையலறைச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். ஒரு வாரத்தில் ஒன்று காணாமல்போய், ஏற்றத்தின் அடியில் கொழுந்து எடுப்பவர்கள் மழைக்கு ஒதுங்கும் தகரக் கொட்டகையில் முளைத்தது.

பெஞ்சுகளைக் கழற்றிய பின் வந்த முதல் ஞாயிறு, வழக்கம்போலக் கூடையோடு முதலில் வந்து பின்கதவைத் திறந்த அந்தக் கொழுந்து எடுக்கும் பெண் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா டீச்சரம்மா, மாடு வாங்கப் போறீங்களா?" என்றாள். அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள். அதற்குப் பின் எஞ்சின் சத்தம் கேட்டு யாரும் வரவில்லை. ஜீப் காலியாக, தடதடவென்று, நேரத்துக்குப் போய் நேரத்துக்குத் திரும்பியது. நோட்டுப் புத்தகத்தின் வலது பக்கத்தில் இதையும் ஒரு நன்மையாக எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை.

நவம்பரில் மழை விடாமல் பெய்தது. ஒரு பிற்பகல், பள்ளி விட்டு நான் வந்தபோது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண் வாசலிலேயே நின்றிருந்தாள். மகள் நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போனது. மருந்து கொடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. உதடுகளைச் சுற்றி நிறம் மாறியிருந்தது. ஆபீசுக்கு ஆள் அனுப்பினேன்; கணவர் ஓடி வந்து ஜீப்பை எடுத்தார். நான் நடு இருக்கையில் அவளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். கதவிடுக்குகளில் பழைய துண்டுகளைத் திணித்திருந்தேன். அப்படியும் குளிர்காற்று உள்ளே வந்தது.

ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் ஜீப்பின் பின்பக்கம் வழுக்கியது. நாலு சக்கரமும் சுற்றின, வண்டி மட்டும் பக்கவாட்டில் கால்வாயை நோக்கி நகர்ந்தது. கணவர் பின்னால் இறக்கி மறுபடி ஏற்றினார். அதே இடத்தில் அதே மாதிரி வழுக்கியது. இந்தத் தடவை பின்சக்கரம் கால்வாய் ஓரத்தில் போய் நின்றது. அவர் மெல்ல மெல்ல வண்டியை அடிவரைக்கும் இறக்கினார். மகளின் மூச்சு எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி எட்டுப் பெண்கள் இருந்தார்கள். பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்திக்கொண்டு, எங்கள் பெஞ்சில் மூன்று பேர், மற்றவர்கள் நின்றுகொண்டு. ஜீப்பில் எப்போதும் முதலில் ஏறுகிறவள்தான் இப்போதும் முதலில் எழுந்தாள்.

"ஐயா, நிப்பாட்டுங்க!" என்று கத்தினாள். பிறகு பின்னால் திரும்பி, "ஏறுங்கடி எல்லாரும்!"

பின்கதவு திறந்தது. ஈரத்தோடு, கூடைகளைக் கொட்டகையிலேயே போட்டுவிட்டு, ஒவ்வொருவராக ஏறித் தரையில் குந்தினார்கள். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான். இப்போதும் கூட டவுனுக்குப் போக ஒரு வண்டி கிடைத்துவிட்டது இவர்களுக்கு.

"இப்பவுமா?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "பிள்ளை மூச்சு விட முடியாம கெடக்குது. உங்களுக்கு டவுன் கேக்குதா? எறங்குங்க எல்லாரும்!"

யாரும் இறங்கவில்லை. அவள் மட்டும் சொன்னாள்: "டவுனுக்கு யாரும்மா வர்றா? காடிக்கு பாரம் வேணும். பின்னால வெறுசா இருந்தா இந்த மண்ணுல எப்படி ஏறும்?" பிறகு கணவரைப் பார்த்து, "எடுங்கய்யா. நடுவுல நிப்பாட்டிடாதீங்க."

பெண்கள் பின்சக்கரங்களுக்கு மேலே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜீப் ஏறியது. வழுக்கிய இடத்தில் ஒரு தடவை அசைந்தது. "அமுக்குங்கடி," என்று யாரோ சொன்னார்கள், எட்டுப் பேரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். பின்சக்கரம் மண்ணைப் பிடித்தது. தார் ரோடு வந்தது.

அங்கே அவர்களை இறக்கிவிட்டிருக்கலாம். ஆனால் பாதி வழியில் சரிந்த மண் ரோட்டில் கிடக்கிறது, அங்கேயும் பாரம் வேண்டும் என்றாள் ஒருத்தி. அதனால் எட்டுப் பேரும் தானா ராத்தா வரைக்கும் வந்தார்கள். வழியில் இருவர் தங்கள் பிளாஸ்டிக் தாள்களை எடுத்து, நான் திணித்திருந்த துண்டுகளுக்கு மேலே, மகள் பக்கத்துக் கதவு முழுவதையும் மறைத்துப் பிடித்துக்கொண்டார்கள். காற்று நின்றது. இதை நான் அப்போது நன்றியோடு கவனித்தேன் என்று சொன்னால் பொய். மகளுடைய மூச்சைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் கழுத்துக் குழி உள்ளே போவது நின்றது. இன்றிரவு இங்கேயே இருக்கட்டும், நீங்களும் கூட இருங்கள் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். மகள் கண்ணைத் திறந்து, "அம்மா, கோபிஸ் வாசம்," என்றாள். என் புடவையில் அந்த வாடை ஒட்டியிருந்தது போலும்.

கணவரிடம் சொல்லி அவர்களை வீட்டுக்கு அனுப்ப வெளியே வந்தேன். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, இரண்டு கிளாஸ் தேத்தண்ணியை எட்டுப் பேர் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கால்களில் செம்மண் காய்ந்திருந்தது. பிள்ளைக்குப் பரவாயில்லை என்றேன். ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள், என்னைப் பார்த்து அல்ல, வானத்தைப் பார்த்து.

ஏற்றத்தின் அடியில் எல்லோரையும் ஏறச் சொன்னவளிடம் தனியாகச் சொன்னேன். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"என்னா பேசுனீங்க?" என்றாள். "அந்த எஞ்சின் சத்தத்துல யாருக்கு என்னா கேட்டுச்சு லா?"

நான் கத்தியதற்கு அங்கேயே பதிலும் சொன்னவள் அவள்தான். நான் அதை நினைவுபடுத்தவில்லை.

மறுநாள் ஊர் திரும்பியதும் ஃபிட்டரை வரச் சொன்னேன். பள்ளிச் சுவரோரம் இருந்த பெஞ்சை மாட்டினார். கொட்டகையில் இருந்ததைக் கேட்டு ஆள் அனுப்பினேன். அது இப்போது அவர்கள் பெஞ்சு, மழைக்காலம் முடியட்டும் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மழைக்காலம் முடிந்தும் வரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. ஜீப்பில் ஒரு பக்கம் மட்டும் பெஞ்சு, எதிரே தரை. பெஞ்சில் மூன்று பேர், தரையில் ஐந்து பேர். தரைதான் வசதி, சாய்ந்துகொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கே போட்டி நடந்தது. யாராவது இருமினால் நான் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். துண்டைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இழுப்பு குறைந்திருக்கிறது, போகவில்லை. அந்த நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அண்மையில் எடுத்துப் பார்த்தபோது பழைய கேள்வி திரும்ப வந்தது. சின்னக் காடியின் கதவுகள் இறுக்கமாக மூடும். அதை வாங்கியிருந்தால் அன்றைக்கு இழுப்பே அவ்வளவு முற்றியிருக்காதோ? கணவரிடம் கேட்டேன்.

அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "சின்னக் காடியா? அதுல எட்டுப் பேரு ஏற முடியாது," என்றார். பக்கத்தைப் புரட்டிவிட்டு, "அதனால காடியையே தூக்கிக்கிட்டு ஏறியிருப்பாங்க," என்றார்.