சும்மா கதைக்கத்தான்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மகளுடைய கணினியில் ஒரு வரி வந்தது. அதை வாசித்துவிட்டுச் சோற்றுக் கோப்பையோடு அடுக்களைக்கு வந்தவள், சாப்பிடாமல் நின்றாள்.

மகள் வேலை செய்வது இலண்டனில் உள்ள ஒரு கம்பனிக்கு. கதிரை, மேசை விற்கிறவர்கள். கால் ஆடுகிறது, ஆணி குறைகிறது என்று வாங்கிய சனம் எழுதினால், பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டு நடு அறையில் இருந்து இவள் பதில் எழுதுவாள். முன்பு கொழும்பில் இருந்தவள். ஆறு மாதத்துக்கு என்று இந்த வேலை கிடைத்ததும் வீட்டோடு வந்துவிட்டாள். அந்த ஆறு மாதம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டுவார்களா என்று ஒருவரும் சொல்லவில்லை. நீட்டாவிட்டால் மறுபடியும் கொழும்புதான். நான் மறுபடியும் தனியேதான்.

"அவர் எழுதியிருக்கிறார் அம்மா. வெள்ளிக்கிழமை மூண்டு மணிக்கு டச் பேஸ் பண்ணுவமாம்."

அவர் என்றால் அவளுக்கு மேலே இருக்கிற வெள்ளைக்காரர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு எங்கே விளங்கும்?

"அதென்ன பிள்ளை?"

"அமெரிக்கன் பந்து விளையாட்டு ஒண்டிலை ஓடிப்போய் ஒரு இடத்தைத் தொடவேணும். அதிலையிருந்து வந்த கதையாம். கம்பனிக் கந்தோர் ஆக்கள் இப்பிடிக் கதைக்கிறவை. கொஞ்ச நேரம் கதைச்சு, என்ன பாடு எண்டு கேக்கிறது. பெரிய அலுவல் இல்லை எண்டு கருத்து."

"ஒளிச்சுப் பிடிச்சு விளையாடேக்கை தூணைத் தொட்டிட்டு ஓடுறமாதிரியோ?"

"ஓம், உதுமாதிரித்தான்."

"அலுவல் இல்லாதவர் ஏன் மூண்டு நாளைக்கு முதலே நேரம் குறிக்கிறார்?"

அவள் சோற்றை மூடி வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் சும்மா வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. வந்து இருந்து, தேத்தண்ணீர் குடித்து, வெங்காயம் அழுகின கதை, மருமகளின் கதை எல்லாம் முடித்து, "அப்ப போட்டு வாறன்" என்று எழும்பிப் போய், வேலிப் படலையைத் திறக்கக் கை வைத்த பிறகுதான் வந்த அலுவல் வெளியே வரும். ஏணி வேண்டுமென்றாலும் அப்படித்தான், சம்பந்தம் சரிவராது என்று சொல்ல வந்தாலும் அப்படித்தான். ஒருமுறை என் மைத்துனர் சும்மா வந்தார். இரண்டு தரம் தேத்தண்ணீர் குடித்தார், பூனைக்குட்டியைத் தடவினார். கிணற்றடிக் காணியில் தன் பங்கை வேறு ஆளுக்கு விற்றுவிட்ட கதையைச் சைக்கிளில் ஏறிக்கொண்டுதான் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முகத்தைப் பார்த்து ஒன்றைக் கேட்க எனக்கும் இன்றுவரை வராது.

ஆகவே எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. வெள்ளைக்காரர் மழை, வெயில் எல்லாம் கதைத்துவிட்டு, படலைக்கு வந்ததும் வேலை இல்லை என்று சொல்லப் போகிறார்.

வியாழக்கிழமை அவள் அலுமாரிக்கு மேலே இருந்த பயணப் பையை இறக்கித் தூசு தட்டினாள். நான் காணாத மாதிரி இருந்தேன். வழக்கம்போலப் பின்னேரம் தேத்தண்ணீர் கொண்டுபோய் மேசையில் வைத்து, சிவப்புக் கோழி விறகுக்குள் முட்டையிட்டதைச் சொன்னேன். அறை வாசலுக்கு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அடுக்களைக்குத் திரும்பினேன். ஆறு மாதமாக ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அறைக் கதவைச் சாத்தினாள். நான் கீரை ஆய்ந்தபடி அடுக்களையில் இருந்தேன். இங்கிலீஷ் விளங்காவிட்டாலும் குரல் விளங்கும். அவர் கதைத்தார், இவள் கதைத்தாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். "பை" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. எழும்பிவிட்டார், இனிப் படலைதான் என்று நினைத்தேன். என் கையிலிருந்த கீரைத்தண்டை எத்தனை துண்டாக முறித்தேனோ தெரியாது.

இவள் "பை" சொல்லவில்லை. மெல்ல எதையோ கேட்டாள். அவர் நெடுநேரம் கதைத்தார்.

வெளியே வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம்."

"ஒண்டுமில்லை எண்டுதானே எல்லாரும் தொடங்குறவை."

"இல்லையம்மா, உண்மையாவே ஒண்டுமில்லை. அங்கை குளிராம். இங்கை மழையோ எண்டு கேட்டார். சேவல் கூவினது அவருக்கும் கேட்டதாம். அவ்வளவுதான், வைக்கப் போனார். நான் விடேல்லை. வேறை ஏதும் சொல்ல இருக்கோ எண்டு கேட்டன். மனுசன் முழுசிப்போட்டு, 'இல்லையே, உமக்கு ஏதும் இருக்கோ' எண்டு என்னைக் கேக்கிறார்."

"நீ என்ன சொன்னனீ?"

"கேட்டுப்போட்டன். மாசக் கடைசியோடை என்னை நிப்பாட்டுறியளோ எண்டு."

நான் கீரைச் சுளகை நிலத்தில் வைத்தேன்.

"அவருக்குப் பெரிய அதிசயம். நான் இவ்வளவு நாளும் வாய் திறக்காததாலை, எனக்குத்தான் விருப்பமில்லை எண்டு நினைச்சவராம். திங்கக்கிழமை கடிதம் அனுப்புறாராம். ஒரு வருசத்துக்கு."

சிரித்துக்கொண்டு சொன்னவள், பயணப் பை கிடந்த பக்கம் பார்த்ததும் அழுதாள். நான் கீரையை மறுபடி கையில் எடுத்தேன்.

கடிதம் சொன்னபடியே திங்கட்கிழமை வந்தது. அன்று பின்னேரமும் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். கோழியின் கதையைச் சொன்னேன். வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்தேன். முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்டேன், ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"ஒரு வருசம் முடிஞ்சாப்பிறகும் நீ கொழும்புக்குப் போகமாட்டாய்தானே?"

கதிரை கிறீச்சிட்டது.

"உதைக் கேக்கத்தானோ ஆறு மாசமா உந்த வாசலிலை நிண்டனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை, சும்மா கேட்டனான்."

"சும்மாவாம்! வந்து இருங்கோ அம்மா. நிண்டுகொண்டு கதைக்க வேண்டாம்."

கட்டிலின் ஓரத்தில் போய் இருந்தேன். அவள் தன் தேத்தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு, மிச்சத்தை என் பக்கம் தள்ளினாள்.