நூறு வீதமும் ஒரு செத்தவீடும்

பிரசாந்தியோடு வேலை செய்தால் ஒன்றில் ஞானம் வரும், இல்லாவிட்டால் தலையிடி வரும். எனக்கு முதலில் வந்தது தலையிடிதான்.

பாலையூற்றுக்காரி. திருகோணமலையில் எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சோதனை வேலை அவளுடையது. இலங்கைத்துறைக் கரைவலைச் சங்கத்துக்கு நான் ஒரு ஸ்மார்ட் கொன்ட்ராக்ட் நிரல் எழுதியிருந்தேன். எந்த நாள் எந்தச் சம்மாட்டி, அதாவது வலைச் சொந்தக்காரர், தன் வலையை வளைப்பது என்ற முறையை அது புளொக்செயினில் பதியும். ஏற்றிவிட்டால் பிறகு ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. இருபது சம்மாட்டிகள், இருபது நாளுக்கு ஒருக்காத்தான் ஒருவருக்கு முறை வரும். அது தவறினால் அந்த வலையை இழுக்கும் குடும்பங்கள் எல்லாம் காய வேண்டியதுதான்.

என் சோதனைகள் எத்தனை வரிகளை ஓடவைத்தன என்று அளக்கும் கவரேஜ் கருவி நூறு வீதம் என்றது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஏற்றுவதற்கு முதல் நாள் அவள் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யுகேந்திரன் அண்ணா, தொழில் இல்லாத நாளெண்டு ஒரு பகுதி எழுதியிருக்கிறியள். அதில முறையை அடுத்த ஆளுக்குத் தள்ளுற வரியை வேணுமெண்டே அழிச்சுப் பார்த்தனான். ஒரு சோதனையும் பிழையெண்டு சிவக்கேல்லை. கவரேஜும் நூறுதான்."

"உமக்கு வேற வேலை இல்லையோ?"

"வரி ஓடினது சரி. ஓடி என்ன செய்தது எண்டு ஆர் பார்த்தது? முறை நகர வேணுமோ, நிக்க வேணுமோ?"

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அது எனக்கே தெரியாதே! ஆனால் நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற ஆள் நான். "நாளைக்குச் சங்கத்தில கேளும்" என்று தள்ளிவிட்டேன்.

கேட்டேவிட்டாள். சங்க மண்டபத்தில் தேங்காய் உடைக்கப் போகிற நேரம் பார்த்து எழும்பி ஒரு சம்மாட்டியின் பக்கம் திரும்பினாள். மானம் போகிறதே என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாக்கியரத்தினம் ஐயா, கேக்கிறனெண்டு கோவிக்காதேங்கோ. உங்கட முறை நாளில ஊரில ஒரு செத்தவீடெண்டா?"

"தொழில் நிப்பாட்டுவம் பிள்ளை. ஒருத்தரும் வலை தொடமாட்டம்."

"அடுத்த நாள்?"

"அதுவும் என்ர முறைதான். பின்ன?"

அவள் மடிக்கணினியில் அதே நாளை ஓடவிட்டுத் திருப்பிக் காட்டினாள். அடுத்த நாளுக்கு அருளம்பலம் என்று நின்றது. போன வருடம் இதே முறைக்காகப் பாக்கியரத்தினத்தோடு கைகலந்தவர் அவர்.

"ஐயோ, நான் பாடை தூக்கப் போன நேரம் இவன் களவெடுத்துப்போட்டான் எண்டல்லோ நினைச்சிருப்பன்!" என்றார் பாக்கியரத்தினம்.

அருளம்பலம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அடிபிடிதான் என்று நான் பயந்தேன்.

"செத்தவன்ர பேரால வாற முறை எனக்கு வேண்டாம். பிள்ளை, அவன்ர பேரைத் திருப்பிப் போடு."

பிரசாந்தி அங்கேயே இருந்து அதை ஒரு சோதனையாக எழுதினாள். சிவந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, முறையைத் தள்ளும் என் வரியை என் கையாலேயே அழித்தேன். திரையில் பாக்கியரத்தினத்தின் பேர் வந்ததும், குனிந்து பார்த்து "ஓம், இப்ப சரி" என்று முதலில் சொன்னவர் அருளம்பலம்தான்.