சொந்தப் பாட்டு மட்டும்

பெரிய டிரம் முதலில் வேனில் ஏற வேண்டும். அதன் வயிற்றுக்குள் சத்தத்தை அடக்க ஒரு தலையணை இருக்கும். தலையணையைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. சுபாஷினி கையை உள்ளே விட்டுத் துழாவினாள். ஈரத் துண்டு ஒன்று வந்தது.

"யாரோடது இது?"

"என்னோடதுதான்க்கா. காயல, அதான்," என்றான் ஹைக்கல்.

"டிரம்முக்குள்ள போட்டா மட்டும் காஞ்சிருமா?"

துண்டு ஹைக்கலின் தோளுக்குப் போனது. டிரம் வேனுக்குள் போனது. அதன் இடப்பக்கம் ஸ்பீக்கர், வலப்பக்கம் ஆம்ப் இரண்டு, நடுவில் இரும்புக் கால்கள் அடைத்த பை, அதன் மேல் சிம்பல், கடைசியாகக் கிதார்கள். இதில் ஒன்று இடம் மாறினாலும் பின்கதவு மூடாது. தைப்பிங்கில் ஒரு டியூஷன் சென்டர் வாசலில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, இந்தப் பயணத்தில் இப்படிச் சாமான் ஏற்றும் ஐந்தாவது ஊர் இது. முந்தைய இரவு அந்த டியூஷன் சென்டரின் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுத்தான் பேண்டு ஆட்கள் மூவரும் படுத்திருந்தார்கள்.

சுபாஷினிக்கு முப்பத்தாறு வயது. பட்டர்வொர்த் மாக் மண்டினில், பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. நாளெல்லாம் மூடிகளைத் தட்டித் தட்டிப் பார்ப்பாள். விரிசல் விட்ட மூடி வேறு மாதிரி சத்தம் போடுமாம். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போவதில்லை. சாப்பாட்டு மேசை, காரின் கூரை, கிளினிக்கில் முன்வரிசையில் இருப்பவரின் நாற்காலி முதுகு, எதையும் தட்டாமல் விடமாட்டாள். வருடத்துக்கு அவளுக்குப் பதினான்கு நாள் விடுப்பு உண்டு. அதில் ஒரு நாளைக்கூடக் கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் என்று வீணாக்கியதில்லை. காய்ச்சல் வந்தால் காய்ச்சலோடு போய் மூடி தட்டுவாள். பதினான்கு நாளும் பேண்டுக்கு.

பேண்டின் பெயர் 'மறுகரை'. நடுவே கடல்; பட்டர்வொர்த்தில் நின்று பார்த்தால் ஜார்ஜ்டவுன் மறுகரை, ஜார்ஜ்டவுனில் நின்று பார்த்தால் பட்டர்வொர்த் மறுகரை. தயாளன் பாட்டு எழுதி, கிதார் வாசித்தபடி பாடுவான். ஹைக்கல் பேஸ் கிதார். மற்ற நாள்களில் அவன் வாப்பாவின் நாசி கண்டார் சோற்றுக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பான். சுபாஷினி டிரம் அடிப்பாள். ஒன்பது வருடம் ஆகிறது. பாதிப் பினாங்குக்கு இவர்களைத் தெரியாது, மீதிப் பாதிக்கும் தெரியாது. அதைப் பற்றிக் கவலைப்படும் வேலையைத் தயாளனிடம் விட்டுவிட்டுச் சுபாஷினி வேனை ஓட்டுவாள்.

அந்த வேன் முன்பு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியது. சாம்பல் நிறம் அடித்தும், கீறல் விழுந்த இடத்திலெல்லாம் பழைய மஞ்சள் எட்டிப் பார்க்கும். போன வாரம் சிரம்பானில் ஓர் அம்மா தன் மகளை உள்ளே ஏற்றியே விட்டார். அந்தப் பெண் ஆம்ப் மேல் புத்தகப் பையை வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்த பிறகுதான் இருதரப்புக்கும் விஷயம் தெரிந்தது.

கடைக்காரர்களோடு பேசுவதெல்லாம் சுபாஷினிதான். அவளுடைய முதல் கேள்வி, "படி எத்தன?" மாடியில் இடம் என்றால் பெரிய டிரம்மை யார் தூக்குவது என்ற கவலை அவளுக்கு. இரண்டாவது, பிளக் எத்தனை. மூன்றாவது, கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா. பிறகு மற்ற எல்லாவற்றையும் ஒரே குரல் பதிவில் சொல்லி அனுப்பிவிடுவாள். அவளுடைய குரல் பதிவு எதுவும் மூன்று நிமிடத்துக்குக் குறைந்ததில்லை. "எல்லாத்தையும் தெளிவா சொல்லிட்டா அப்புறம் பிரச்சினையே இல்ல லா" என்பது அவள் கட்சி. மூன்று நிமிடம் கேட்க யாருக்கும் பொறுமை கிடையாது என்பதை அவளிடம் யாரும் தெளிவாகச் சொன்னதில்லை.

கூட்டத்தை எண்ணுவதற்கும் ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். கடை ஆட்கள் கணக்கில்லை. கடைக்காரரின் மச்சான் கணக்கில்லை. மழைக்கு ஒதுங்கியவர்கள் ஆளுக்கு அரை. அப்படி எண்ணிக் கிள்ளானில் பதினெட்டரை, ஈப்போவில் ஒன்பது, தைப்பிங்கில் ஏழு. ஏழு பேர்தானே, கொஞ்சம் மெதுவாக அடிக்கலாமே என்று தயாளன் சொல்லிப் பார்த்தான்.

"அவங்களுக்கும் காது ரெண்டுதானே?" என்றாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு: சொந்தப் பாட்டு மட்டும். நான்கு வருடத்துக்கு முன் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்தார்கள். இரண்டு மணி நேரம் சினிமாப் பாட்டு. மண்டபமே எழுந்து ஆடியது. அந்தத் தைரியத்தில் நடுவே தயாளன் எழுதிய பாட்டு ஒன்றை நுழைத்தார்கள். பாதிப் பாட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து போய், சிரித்த முகத்தோடு ஸ்பீக்கரின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். அவருக்கு ஒரு கோபமும் இல்லை. இடைவேளை என்று நினைத்துக்கொண்டார். சுபாஷினிக்குத்தான் அந்தச் சிரிப்பு இன்னும் உள்ளே உறுத்துகிறது. அன்று வேனில் ஏறியதும் சட்டம் போட்டாள். அதன்பிறகு கல்யாண வீடுகள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன.

தைப்பிங்கிலிருந்து கிளம்பி, பினாங்குக்குப் போகும் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோது தயாளன் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, ஒன்னு சொல்லணும்."

"சொல்லு."

"இன்னிக்கு ஜார்ஜ்டவுனோட நான் நிப்பாட்டிக்கலாம்னு பாக்குறேன்."

பின்சீட்டில் ஹைக்கல் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினான்.

"ஏழு பேர் மட்டும் வந்ததுக்காகவா?" என்றாள் சுபாஷினி.

"ஏழு பேர் வந்தது பரவால்ல. ஏழு பேரும் போனப் பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் எழுதுறது யாருக்கும் வேணாம்க்கா. வேணும்னு இந்த ஒம்போது வருஷத்துல ஒரு ஆள் கேட்டிருக்கா?"

சுபாஷினி கணக்குப் போட்டாள். டிரம் அடிக்க இன்னோர் ஆளைப் பிடிக்கலாம், பேஸ் வாசிக்க இரண்டு பேரைப் பிடிக்கலாம். பாட்டு எழுதுகிறவன் இறங்கிப் போய்விட்டால் சொந்தப் பாட்டு ஏது, மறுகரை ஏது? அவள் ஸ்டியரிங்கைத் தட்டினாள்.

"இன்னிக்கு முடியட்டும். அப்புறம் பேசுவோம்," என்றாள். "டோல் கார்டு எங்க?"

அன்றைய இடம் ஜார்ஜ்டவுனில், பினாங்கு சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் அலாவுதீனின் சாப்பாட்டுக்கடை. தரைத்தளம், படி ஒன்றே ஒன்று, பிளக் மூன்று. வேனை நிறுத்தியபோதே உள்ளே கூட்டம் தெரிந்தது. சுபாஷினி தன் சட்டப்படி எண்ணினாள். ஐம்பத்திரண்டு. மறுபடி எண்ணினாள். குடும்பம் குடும்பமாக, தலைவாரிப் பூ வைத்து, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு ஐம்பத்திரண்டு பேர். ஒன்பது வருடத்தில் இவர்கள் பார்த்த மிகப் பெரிய கூட்டம் அது. வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, வண்ணச் சாக்கட்டியில் பெரிதாக எழுதியிருந்தார்கள்: 'இன்று மாலை 4 மணி, இன்னிசை விருந்து, பழைய புதிய சினிமா பாடல்கள்.'

"அண்ணே," என்றாள் சுபாஷினி. "நான் அனுப்புன வாய்ஸ் மெசேஜ் கேட்டீங்களா?"

"கேட்டேனே தங்கச்சி. பேண்டுன்னு சொன்னீங்க, நாலு மணின்னு சொன்னீங்க."

"அதுக்கப்புறம்?"

அலாவுதீன் தலையைச் சொறிந்தார். "மத்தியானக் கூட்டம் வந்திருச்சி. சரி, பேண்டுன்னா சினிமாப் பாட்டுதானேன்னு விட்டுட்டேன்."

சொந்தப் பாட்டு மட்டும் என்ற சேதி இரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் இருந்தது.

தயாளன் பலகையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். பத்து நாளில் முதல்முறையாக அவன் முகத்தில் தெளிச்சி வந்தது. "அக்கா, ஒரு இருவது சினிமாப் பாட்டு எனக்கு அப்படியே வரும்," என்றான். "ஐம்பது பேர் இருக்காங்க. ஒரு நாளைக்கு. சந்தோஷமா முடிச்சிக்குவோம்."

"எனக்கும் வரும்," என்றான் ஹைக்கல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அவளுக்கும் ஆசை வராமல் இல்லை. ஐம்பத்திரண்டு பேர் கைதட்டினால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நின்று நினைத்தாள். ஆனால் தயாளன் 'முடிச்சிக்குவோம்' என்று சொன்னது காதில் விழுந்திருந்தது. சினிமாப் பாட்டில் முடிந்தால் அது முடிந்ததுதான். பலகையின் முன் போய்ச் சட்டைக் கையை இழுத்துவிட்டு 'சினிமா' என்ற சொல்லைத் துடைத்தாள். பச்சைச் சாக்கட்டி கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. பிறகு உள்ளே போய் மைக்கைப் பிடித்தாள். கூட்டத்தின் முன் நின்று பேசுவது அவளுக்கு வராத வேலை.

"வணக்கம். தப்பு என்மேலதான், மெசேஜ நீட்டி அனுப்பிட்டேன். நாங்க சினிமாப் பாட்டு பாட மாட்டோம். எங்க பாட்டு மட்டும். பிடிக்கலன்னா பரவால்ல, அண்ணன் கடைச் சாப்பாடு பிடிக்கும்."

அலாவுதீன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

முதல் பாட்டில் இரண்டு மேசை காலியானது. இரண்டாம் பாட்டில் மூன்று. இருந்தவர்கள் சீட்டு அனுப்பத் தொடங்கினார்கள். கல்யாண வீட்டு வழக்கம் அது, டிஷ்யூ தாளில் பாட்டின் முதல் வரியை எழுதி மேடைக்குக் கொடுத்துவிடுவது. பரிமாறும் ஃபாத்தின், தட்டுகளோடு சீட்டுகளையும் ஏந்திக்கொண்டு வந்தாள். சுபாஷினி கண்ணைக் காட்டி அவளைத் தன் பக்கம் வரவழைத்து, ஒவ்வொரு சீட்டாக வாங்கிப் பார்த்துத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். எல்லாம் சினிமாப் பாட்டு. ஒன்றும் தயாளன் கண்ணில் படவில்லை. நான்காவது பாட்டில் அவள் ஒன்பது சீட்டின்மேல் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது, 'ஆறு மணி பஸ்.' தொழிற்சாலைப் பேருந்துக்காக இருட்டில் நிற்கிறவர்களைப் பற்றித் தயாளன் எழுதியது.

'விளக்குக் கம்பத்துக்குக் கீழே நம்ம நிழல் நிக்குது
பஸ்சு வந்தா நிழல் ஏறாது, நாம மட்டும் ஏறணும்.'

அவன் கண்ணை மூடிப் பாடினான். நன்றாகத்தான் பாடினான். முடிந்தபோது ஓரிரண்டு பேர் மரியாதைக்குத் தட்டினார்கள், ஒரு குழந்தை ஐஸ் கேட்டு அழுதது. பதினான்கு பேர் மிச்சம் இருந்தார்கள். தயாளன், "நன்றி, வர்றோம்," என்று மைக்கில் சொன்னான். இன்னும் மூன்று பாட்டு இருந்தது. ஆனால் அவன் கிதார் பட்டையைத் தலைவழியாகக் கழற்றினான், குனிந்து ஒயரைப் பிடுங்கினான். ஹைக்கல் சுபாஷினியைப் பார்த்தான்.

அப்போது ஃபாத்தின் இன்னொரு சீட்டோடு வந்தாள். "கைகழுவுற எடத்துக்குப் பக்கத்து மேச," என்றாள். அங்கே தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண், தனியாக, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுபாஷினி பழக்கதோஷத்தில் சீட்டைத் தொடைக்கடியில் வைக்கப் போனவள், நிறுத்திப் படித்தாள். எண்ணெய்க் கறையோடு, சாய்ந்த எழுத்தில் இருந்தது.

'நிழல் ஏறாதுன்னு ஒரு பாட்டு பாடினீங்களே, அதை முதல்லேருந்து பாடுங்க. நான் கை கழுவப் போயிட்டேன், பாதிதான் கேட்டேன்.'

அவள் அதைத் தயாளனிடம் நீட்டினாள். அவன் ஒயரைச் சுருட்டியபடியே படித்தான். சுருட்டுவது நின்றது. மறுபடி படித்தான். அந்த மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, நம்ம பாட்டு," என்றான்.

"ஆமா."

"இப்பத்தானே பாடினோம். உடனே எப்படி மறுபடி..."

சுபாஷினி அவன் கையிலிருந்து சீட்டை வாங்கினாள். வைக்க இடமில்லாமல் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டாள். அவன் ஒயரைச் செருகும்வரை காத்திருக்கவில்லை. இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேல் தூக்கி, பாட்டைத் தொடங்க நான்கு முறை தட்டினாள்.