கிடாரத்துக்குள் இருந்த இன்ரநெற்

ஜேர்மனியில் இன்ரநெற் என்று ஒன்று ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம், வுப்பர்டால் நகரத்து மலைச்சரிவுத் தெருவொன்றில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் நித்தியானந்தன்தான். ஜேர்மன் அரசாங்கம் இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளும்வரைக்கும் தானே சொல்லிக்கொண்டிருப்பதென்று அவர் முடிவெடுத்திருந்தார். அவர் வீட்டில் வயர் இல்லாத இன்ரநெற் பூட்டிய அன்றைக்கு நகரத்தின் தொங்கு ரயில் ஒரு நிமிடம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது என்று மட்டும் அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அந்தக் கட்டடத்தில் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

இந்தப் பெருமையையெல்லாம் ஆகக் கூடுதலாகக் கேட்டு அனுபவித்தவள் மேல்மாடிக் கம்சனா. பதினேழு வயது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, தொழில் பழக ஒரு இடம் கேட்டு அவுஸ்பில்டுங்குக்கு எழுதிப் போட்டிருந்தாள். பதில் வரும்வரைக்கும் மற்றவர்களைப் பகிடி பண்ணுவதை முழுநேர வேலையாகச் செய்தாள். சம்பளம் இல்லாத வேலை. ஆனாலும் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை.

நித்தியானந்தன் எண்பத்தைந்தாம் ஆண்டு கிழக்கு பெர்லின் வழியாக வந்து இறங்கியவர். அகதி முகாம், உணவகத்தில் கோப்பை கழுவல் என்று தொடங்கி, கடைசியில் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் போய் ஒட்டிக்கொண்டார். அங்கே மெஷின் நின்றால் பக்கத்தில் போய் ஒரு தட்டுத் தட்டுவார், ஓடும். எனவே உலகத்தில் ஓடாத எதையும் தட்டினால் ஓடும் என்பது அவருடைய விஞ்ஞானம். ஊர்ச்சங்கத்தின் பெரிய அலுமினியக் கிடாரத்துக்கும் அவர்தான் பொறுப்பு. கலியாணமோ செத்தவீடோ, எதுவென்றாலும் சோறு வேக அது அவர் வீட்டுக் குசினியிலிருந்துதான் புறப்பட்டுப் போகும்.

அவருடைய இன்னொரு குணம் உபசாரம். வீட்டுக்கு வந்தவரை வெறும் கையோடு அனுப்ப மாட்டார். முதலில் தேத்தண்ணி, பிறகு இன்ரநெற் பாஸ்வேர்ட். "எங்கட வீட்டுக்கு வந்திட்டு இன்ரநெற் இல்லாமப் போறதோ?" என்று கேட்டு வற்புறுத்திக் கொடுப்பார். இப்படி வாங்கிப் போனவர்களில் கீழ்வீட்டு ஜேசுரட்ணம் குடும்பம் உண்டு, முன்வீட்டு ஜெயமலர் அக்கா உண்டு, கம்சனாவின் தகப்பனும் உண்டு. கம்சனா தன் அறையில் கட்டிலில் படுத்தபடி, இரண்டாம் மாடியின் தயவில், பாட்டும் படமும் இறக்கிக்கொண்டிருந்தாள். அப்படி ஊரையே உள்ளே கூப்பிட்டு இருத்திவிட்டு, "எனக்குத் தெரியாம என்ர லைனுக்குள்ள ஒரு ஈ இலையான் நுழைய ஏலாது" என்று நித்தியானந்தன் படிக்கட்டில் நின்று சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு லப்டொப் இருந்தால் நீங்களும் சொந்தமாக ஒரு வயர்லெஸ் லைன் தொடங்கலாம். அதற்கு என்ன பெயர் வைத்தாலும் கேட்க ஆளில்லை. கம்சனா தன்னுடையதற்கு 'பொலிஸ் வாகனம் 7' என்று ஜேர்மன் மொழியில் பெயர் வைத்தாள். லப்டொப்பைத் திறந்தாலே அந்தப் பெயர் அக்கம்பக்கத்துக் கணினிகளிலெல்லாம் தெரியும்.

நித்தியானந்தன் அதைக் கண்ட அன்றைக்கே வேலையால் நேரத்தோடு வந்து திரைச்சீலைகளை இழுத்து மூடினார். இன்ரநெற்றில் ஓசியில் தமிழ்ப்படம் பார்த்தவர்களைப் பொலிஸ் தேடுகிறது என்ற கதை அப்போது தமிழர் கடைகளில் மிளகாய்த்தூளோடு சேர்ந்து விற்பனையாகிக்கொண்டிருந்தது. அவர் பார்த்த படங்கள் கொஞ்சநஞ்சமல்ல. தெருவில் நின்ற பால் வண்டியைக்கூட அவர் சந்தேகத்தோடு பார்ப்பதை மேலே ஜன்னலில் நின்று கண்டு, கம்சனா தலையணையைக் கடித்துச் சிரித்தாள்.

அந்த வாரத்தில்தான் அவருடைய லைன் ஆடத் தொடங்கியது. ஒரு நேரம் பாயும். ஒரு நேரம் செத்துக் கிடக்கும்.

வேறு நேரமென்றால் இதுவும் பகிடிதான். ஆனால் நித்தியானந்தனின் மகள் வசுந்தராவுக்கு ரொறன்ரோவில் பிள்ளை பிறந்திருந்தது. மனைவி கலாதேவியிடம் ஜேர்மன் பாஸ்போர்ட் இருந்ததால் உடனே பறந்துவிட்டார். இவர் கையில் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் புத்தகம். கனடாவுக்கு விசா கேட்டுப் போட்ட அன்ட்ராக், அந்த விண்ணப்பம், எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது. முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீங்கும் துடக்குக் கழிவு. அன்றைக்குத் தாயின் தகப்பன் பிள்ளையின் காதில் மூன்று தரம் பெயர் சொல்ல வேண்டும். அதுதான் அவர்கள் குடும்ப வழக்கம். காதில் விழும்வரைக்கும் அந்தப் பெயர் வேறு ஒருவருக்கும் தெரியக் கூடாது.

கலாதேவி ஒரு வழி கண்டுபிடித்தார். கணினியில் முகம் பார்த்துக் கதைக்கலாம். ஹெட்போனின் ஒரு பக்கத்தைப் பிள்ளையின் காதோடு வைத்தால், தாத்தா வுப்பர்டாலில் இருந்தே சொல்லிவிடலாம். ஒத்திகை பார்த்தார்கள். கலாதேவி வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நின்றார். குரல் வாளிக்குள்ளிருந்து வருவதுபோல் வந்து, பிறகு அதுவும் நின்றது. இந்த லட்சணத்தில் பெயர் சொன்னால் முதல் பாதி ரொறன்ரோவுக்கும் மிச்சம் அத்திலாந்திக் கடலுக்கும் போய்ச் சேரும்.

நித்தியானந்தன் ரௌட்டரைத் தட்டினார். சரிவரவில்லை. தொலைபேசிக் கம்பனியை அழைத்தார். நெடுநேரம் பாட்டுப் போட்டுக் காட்டியபின் ஒரு பெண் வந்து, நிறுத்தி மறுபடி போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மருமகன், வைரஸாக இருக்கும் என்று அங்கிருந்தே தீர்ப்புச் சொன்னான். சடங்குக்கு முதல் நாள் மத்தியானம் அவர் மேல்மாடிக்கு ஏறி வந்து, கதவடியில் நின்று, கம்சனாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பிள்ளை, ஒருக்கா வந்து பாக்கிறியே? நாளைக்கு விட்டா இனி இல்லை."

வழமையாக ஒரு மணித்தியாலம் பெருமை பேசுகிறவர் இவ்வளவு சின்னதாகப் பேசியது கம்சனாவுக்குப் பிடிக்கவில்லை. லப்டொப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

முன்னறையில் அவருடைய கணினிக்குப் பக்கத்தில் இருத்தினார். ரௌட்டர் எங்கே என்று கேட்டதற்கு, அது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது, அந்த விசயத்தை விடு என்றார். சோதித்துப் பார்த்தாள், லைன் செத்துக் கிடந்தது. "கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உடனே லைன் பாய்ந்து வந்தது.

"இப்ப?"

"வந்திட்டுது மாமா."

திரும்பி வந்து இருந்தார். லைன் போய்விட்டது. மறுபடியும் போனார், வந்தது. வந்தார், போனது. அவர் போய்ப் பார்க்கிற நேரமெல்லாம் ஒழுங்காக ஓடுகிற ஒரு பொருளை எப்படித்தான் திருத்துவது? மூன்றாம் தரம் கம்சனா பின்னாலேயே போனாள்.

குசினி நிலத்தில் ஊர்ச்சங்கத்தின் கிடாரம். நித்தியானந்தன் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே, மடித்த துவாய்க்கு மேல், பிறந்த பிள்ளையைப்போல் ரௌட்டர். விளிம்பால் வெளியே வந்து சுவருக்குப் போன இரண்டு வயர். நானூறு பேருக்குச் சோறு போட்ட பாத்திரம், ஒரு பச்சை லைட்டை அவித்துக்கொண்டிருந்தது.

"மாமா, இதென்ன?"

"மெல்லக் கதை. வெளியில பொலிஸ் நிக்குது. அலுமினியத்துக்குள்ளால அவங்களுக்கு ஒண்டும் பாக்க ஏலாது."

கம்சனாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூடியைப் போட்டால் லைன் சாகும். எடுத்தால் உயிர் வரும். மூடி அங்கே வந்ததற்குக் காரணம் அவள் தூக்கிக்கொண்டு வந்த லப்டொப். ஒரே ஒரு வசனத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வசனம் படிக்கட்டால் ஏறி அம்மாவின் காதுக்குப் போகத் தொங்கு ரயிலைவிடக் குறைந்த நேரம்தான் எடுக்கும். முன்னறைக்குப் போய் லப்டொப்பை மெதுவாக மூடினாள். பிறகு அவருடைய திரையைக் காட்டி, பார்த்தீர்களா, பொலிஸைக் காணோம், போய்விட்டார்கள் என்றாள்.

நித்தியானந்தன் கண்ணாடியை உயர்த்தி வெகுநேரம் திரையைப் பார்த்தார். போயிருக்க மாட்டார்கள், பெயரை மாற்றிக்கொண்டு நிற்பார்கள், பொலிஸென்றால் அப்படித்தான் என்றார்.

வேறு வழியில்லாமல் கம்சனா வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பொறுப்பான காரியம் செய்தாள். ரௌட்டரைக் கிடாரத்திலிருந்து தூக்கி, முன்னறை அலுமாரிக்கு மேல் திறந்தவெளியில் வைத்தாள். லைனுக்கு இருந்த பழைய பூட்டைக் கழற்றிவிட்டுப் பலமான பூட்டாகப் போட்டு, 'கலா1234' என்றிருந்த பாஸ்வேர்டையும் நீட்டாக, எழுத்தும் இலக்கமும் கலந்து மாற்றினாள். இனிப் பொலிஸ் என்ன, ஆராலும் உள்ளே வர ஏலாது, கிடாரமே தேவையில்லை என்று சத்தியம் பண்ணினாள். இவ்வளவு சுலபமாக அவர் சம்மதிப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவருக்கிருந்த துக்கம் வேறு.

"அப்ப வாற ஆக்களுக்கு என்ன குடுக்கிறது?"

"தேத்தண்ணியை மட்டும் குடுங்கோ மாமா."

அந்தக் கணத்தில் மூன்று வீடுகளின் இன்ரநெற் அறுந்தது. அதில் ஒன்று அவளுடைய சொந்த வீடு. பாதி இறங்கிய படம் பாதியிலேயே நின்றது. நாட்டுக்காகச் சிலர் இதைவிடக் குறைவாகத்தான் தியாகம் செய்திருக்கிறார்கள்.

மறுநாள் பின்னேரம், ரொறன்ரோவில் காலை. நித்தியானந்தன் வேட்டி கட்டி, திருநீறு பூசி, கணினிக்கு முன் இருந்தார். ரௌட்டரின் லைட்டைக் காவல் பார்க்க என்று சொல்லிக்கொண்டு கம்சனா அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றாள். படம் கண்ணாடிபோல் இருந்தது. கலாதேவி பிள்ளையை மடியில் வைத்து ஹெட்போனைக் காதோடு பிடித்தார். நித்தியானந்தன் மைக்கை மறந்துவிட்டார். திரைக்குக் கிட்டக் குனிந்து, அங்கே தெரிந்த சின்னக் காதைச் சுற்றிக் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, மூன்று தரம் பெயரைச் சொன்னார். திருகாணி மெஷினுக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டைக்குள் இப்படியொரு குரல் இருந்தது யாருக்கும் தெரியாது. மூன்றாம் தரத்தில் பிள்ளை பொத்தியிருந்த கையை விரித்தது.

வுப்பர்டாலில் அன்றைக்குத் தூசி கூடுதல். கம்சனாவின் இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. சட்டைக் கையால் துடைத்தாள்; இன்னும் விழுந்தது.

"இஞ்சேருங்கோ," என்றார் கலாதேவி, "உங்களுக்குப் பின்னால ஆர் நிண்டு அழுறது?"

கம்சனா விலகப் பார்த்தாள். திரையின் மூலையில், வுப்பர்டால் பக்கத்தைக் காட்டுகிற சின்னப் பெட்டிக்குள், சிவந்த மூக்கோடு அவளுடைய முகம் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. லைன் ஒரு சொட்டும் ஆடவில்லை. அவள் திருத்திய திருத்தம் அப்படி.

நித்தியானந்தன் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கை நிறுத்திவிட்டு, அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தபடி அடங்கின குரலில் சொன்னார்.

"நேற்று நீ லப்டொப்போட உள்ள வரேக்க, என்ர திரையில பொலிஸின்ர சிக்னல் அஞ்சு கோடும் நிரம்பிப்போச்சு பிள்ளை. நீ அதை மூடினதோட பொலிஸைக் காணேல்லை."

கம்சனா சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள்.

அவர் மைக்கைத் திரும்பப் போட்டார்.

"அதுவோ?" என்றார் மனைவியிடம். "அது பொலிஸ். ஏழாம் நம்பர் வாகனம். எங்கட பிள்ளையின்ர துடக்குக் கழிவுக்கு வந்திருக்கு."