எத்தனை நாளுக்கு ஒருக்கா

காரைநகருக்கு ஆள்களை ஏற்றிப்போகும் மிதவைப் படகை நாங்கள் பாதை என்போம். அது எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓடுகிறது என்று ஊர்காவற்றுறை இறங்குதுறையில் கேட்டுப் பாருங்கள். "வரும்" என்பார்கள். கனடாவிலிருந்து கணவர் போன் எடுத்துப் பேசுவாரா என்று யாரும் கேட்டால் நானும் "எடுப்பார்" என்றுதான் சொல்லிவந்தேன். அதற்கு மேல் யாரும் கிண்டவில்லை.

ஆங்கிலத்துக்கு அது போதாது. விசா நேர்முகத்துக்கு என்னைத் தயார்படுத்தியவர் கணவரின் அக்கா, அரசாங்கக் கந்தோரில் வேலை செய்யும் மச்சாள். நாரந்தனையில் எங்கள் குசினியில் தேங்காய் திருவியபடியே, அதிகாரி மாதிரிக் குரலை மாற்றிக் கேள்வி கேட்பார். கோழிக்குத் தீன் போடுவது 'எவ்ரி டே'. கிழமைக்கு இரண்டு தரம் வரும் மீன்காரர் 'ட்வைஸ் எ வீக்'. எப்போதாவது பெய்யும் எங்கள் ஊர் மழை 'வன்ஸ் இன் எ வைல்'. எல்லாம் சுலபமாகப் பிடிபட்டது.

ஒருநாள், கணவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுகிறார் என்று மச்சாள் கேட்டார்.

"வன்ஸ் இன் எ வைல்" என்றேன்.

திருவலை நின்றது.

"எவ்ரி டே எண்டு சொல்லும். இல்லாட்டி விசா கிடைக்காது."

"அவர் எடுக்கிறேல்லையே மச்சாள். ஆறு வருசமாய் மழை மாதிரித்தான்."

தம்பியைப் பற்றி அக்காவிடமே சொல்லிவிட்டேன். வெட்கமாக இருந்தது. விசா எனக்குப் பெரிய கவலையில்லை. அந்த மனுசனுக்கு நான் இன்னும் வேண்டுமா என்பதுதான் கவலை.

மச்சாள் கையைத் துடைத்துவிட்டுப் போனோடு கிணற்றடிக்குப் போனார். அடுத்த நாள் காலை ஏழு மணிக்குக் கணவர் போன் எடுத்தார். அதற்கடுத்த நாளும் எடுத்தார். மூன்று கிழமை ஒருநாளும் தவறவில்லை. எனக்குச் சந்தோசம் வரவில்லை. கந்தோருக்குக் கையெழுத்து வைக்க வருகிறவர் மாதிரி வந்துபோனார்.

கொழும்பில் நடந்த நேர்முகத்தில் மொழிபெயர்க்க ஆள் இருந்தது. வேண்டாம் என்றேன். அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். மூன்று கிழமையாக 'எவ்ரி டே' என்றேன். அதற்கு முன்பு? 'வன்ஸ் இன் எ வைல்.' அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார்.

"உமக்கு வாய் சும்மா இராதோ?" என்று மச்சாள் பஸ்சில் ஊர்வரைக்கும் ஏசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை போனைப் பார்ப்பதில்லை என்று முடிவுசெய்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்முகம் முடிந்துவிட்டது. இனி அவரை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஏழு மணி தாண்டியது. ஏழு பத்துக்கு அடித்தது.

"இன்டர்வியூ முடிஞ்சுது. இனி எடுக்கத் தேவையில்லையே" என்றேன்.

"தெரியும். நீர் சொன்னதை அக்கா சொன்னவ. தேத்தண்ணி குடிச்சிட்டீரோ?"

"இன்னும் இல்லை."

"போய் ஊத்திக்கொண்டு வாரும். நான் போனை வைக்கேல்லை, இருக்கிறன்."

அழுதுகொண்டேதான் ஊற்றினேன். திரும்பி வந்து போனைக் காதில் வைத்தேன். இருந்தார்.