பூட்டி அனுப்பிய ஃபைல்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் தி. நகரில் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் எனக்கு வேலை. அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டு டெலிபோனில் பேசி வைக்கும் குறிப்புகள் அங்கே ஒரு சர்வரில் சேரும். காலையில் மோடம் வழியாக இணைந்து அந்தக் குரல் ஃபைல்களை எங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்குவது என் பொறுப்பு. ஹெட்போன் மாட்டிய பெண்கள் கேட்டு டைப் செய்வார்கள். நான் பிழை பார்த்து, சாயங்காலம் திருப்பி அனுப்புவேன். பாதியில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

எங்கள் சிஸ்டம் இன்சார்ஜ் சைதாப்பேட்டைக்காரர். ஒருநாள் நான் அனுப்பிக்கொண்டிருந்தபோது தன் கம்ப்யூட்டருக்குக் கூப்பிட்டார். திரையில் புரியாத எழுத்துக்கள் ஓடின. நடுவில் என் பாஸ்வேர்டு, அதன் பின்னால் யாரோ ஒரு பெண்மணியின் இருதய நோய், வரி வரியாக.

"இன்னாம்மா, எல்லாத்தையும் தொறந்து போட்டுகினு அனுப்புறோம்? வழில எவன் உக்காந்திருந்தாலும் படிச்சிடுவான்."

எனக்கு உடம்பு கூசியது. ஆஸ்பத்திரியும் பாதுகாப்பு கேட்டு எழுதியிருந்ததால், அந்த வாரமே ஏற்பாடு மாறியது. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி கம்ப்யூட்டரிலேயே பூட்டித்தான் அனுப்ப வேண்டும். பூட்டுகிற சாவியை ஆஸ்பத்திரி எங்களுக்கும் கொடுத்திருந்தது. திறக்கிற சாவி அவர்களிடம் மட்டும். ஒருமுறை பூட்டிய பிறகு ஒரு மருந்தின் அளவு தவறென்று ஞாபகம் வந்து, திறந்து தரும்படி இன்சார்ஜிடம் கேட்டேன்.

"என்னாலயும் முடியாதும்மா. அது உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல, பேஷண்டோடது. ஒரிஜினல் ஃபைல்ல திருத்தி மறுபடி பூட்டி அனுப்பு."

அந்த வருடம்தான் அப்பாவுக்கு வயிற்றுவலி வந்தது. அடையாறில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டை அண்ணா வாங்கி வந்தான். கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. மயிலாப்பூர் வீட்டின் சமையலறையில் அம்மாவும் அண்ணாவும் நானும் நின்றபடியே பேசினோம்.

"அப்பாட்ட சொல்லப்படாது. அல்சர்னு சொன்னாப் போறும்" என்றான் அண்ணா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். நானும் சரி என்றேன்.

மறுநாளிலிருந்து ஆபீசில் வேலை ஓடவில்லை. அந்த நோயை எத்தனையோ ரிப்போர்ட்டுகளில் பார்த்திருக்கிறேன். முதலில் வலி, அப்புறம் மஞ்சள் காமாலை, அப்புறம் எடை குறைவது. எது எதற்குப் பின்னால் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அநேகமாக எல்லா ரிப்போர்ட்டின் கடைசியிலும் வரும் ஒரு வரியில் அதுவரை நான் நின்றதே இல்லை. நோயாளியிடம் விவரம் சொல்லப்பட்டது, அவர் புரிந்துகொண்டார் என்ற வரி. இப்போது அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். அண்ணாவும் வீட்டில் இல்லை. அப்பா ஈசிசேரில் சாய்ந்திருந்தார்.

"ஏண்டி, நாள் பூரா வியாதி ரிப்போர்ட்டாத்தானே பாக்கறே?"

"ஆமாம்ப்பா."

"என்னோடதைப் பாத்தியோ?"

நான் கையிலிருந்த பேப்பரை மடித்தேன்.

"அல்சருக்கு மதுரைலேர்ந்து உங்க அத்தை ரயிலேறி வருவாளா? என்னைப் பாத்துட்டு, கொல்லைல போய் அழுவாளா? சொல்லுடி."

அண்ணாவின் பீரோவிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட் கவரை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார். தெரியாத வார்த்தையில் விரலை வைத்து நிமிர்ந்து பார்ப்பார். நான் அர்த்தம் சொல்வேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"எத்தனை நாள்?"

"தெரியாதுப்பா. மாசக் கணக்குதான்."

கவரை மூடினார். "ஃபேனைக் கொஞ்சம் கொறை" என்றார். குறைத்துவிட்டு வந்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் சொன்னார்: "ஒரு மாசமா எல்லாரும் என்னைப் பாத்து சிரிச்சுண்டே இருந்தேள். அதான் ரொம்ப பயமா இருந்தது."

அதன்பிறகே அழுதேன். அவர் அழவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணா கத்தினான். "யாரைக் கேட்டுண்டு சொன்னே?"

"நான் கேட்டேன், சொன்னா. அவளை ஒண்ணும் சொல்லாதே" என்று அப்பாவின் குரல் கூடத்திலிருந்து வந்தது. அண்ணா அடங்கிவிட்டான். அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள்.

அண்ணா வெளியூரில் ஏற்பாடு செய்திருந்த ஆபரேஷனை அப்பா வேண்டாம் என்றார். வீட்டிலேயே இருக்கப் போவதாகச் சொல்லி, வலிக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டார். வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். முடிந்தவரை சாயங்காலங்களில் அம்மாவோடு குளக்கரைவரை நடந்தார். முடியாமல் போனதும், அம்மா கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தை பிறப்பதற்கு முன் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், தலை வாரிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா, அவர் என்கிட்ட அதெல்லாம் பேசியிருக்கவே மாட்டார்."

சீப்பை என் கையிலிருந்து வாங்கி அவளே பின்னிவிட்டாள். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.